4,300 அடியில் ஒரு கொலை

கேள்வி: துப்பறியும் நாவலைப் படமாக்கக் கையில் காசு வேண்டும். 1930-களில் பிரிட்டனில் சட்டத்துக்காக எடுத்துத் தள்ளிய 'கோட்டா' படங்கள் அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம். நல்ல நாவல்களைக் கெடுத்ததுதான் மிச்சம். அவற்றைப் போய்ப் பாராட்டலாமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: எல்லாவற்றையும் பாராட்ட முடியாதுதான். பெரும்பாலானவை தேறாதவை. ஆனால் நீங்கள் பழியைத் தவறான இடத்தில் போடுகிறீர்கள்.

1920-களின் நடுவில் பிரிட்டிஷ் தியேட்டர்களில் ஓடியவற்றில் சுமார் 5 சதவீதம்தான் சொந்த நாட்டுப் படங்கள். மற்றவை பெரும்பாலும் ஹாலிவுட். அதைச் சரிசெய்ய 1927-இல் சட்டம் வந்தது: விநியோகஸ்தர்கள் குறிப்பிட்ட பங்கு பிரிட்டிஷ் படங்களை வாங்கியும், தியேட்டர்காரர்கள் ஓட்டியும் ஆக வேண்டும். இந்தப் பங்குதான் 'கோட்டா'. அமெரிக்கக் கம்பெனிகள் கணக்குக் காட்ட மலிவு விலையில் படம் வாங்கின. பிலிம் சுருளின் நீளத்தை அளந்து, அடிக்கு ஒரு பவுண்டு என்பது அன்றைய நடைமுறை விலை. இதில் உள்ள கோளாறைப் பாருங்கள். காட்சியை நறுக்கினால் வருமானம் குறையும், வசனத்தை இழுத்தால் கூடும். அந்தப் படங்கள் இழுவையாக இருந்ததற்குக் காசு இல்லாதது மட்டும் காரணம் அல்ல, காசு கொடுத்த முறையும் காரணம்.

அதே ஏற்பாட்டுக்குள்தான் மைக்கேல் பவல் என்ற இளைஞர் 1931-இல் 'ரைனாக்ஸ்' எடுத்தார். பிலிப் மெக்டொனால்ட் அதற்கு முந்தைய வருடம் எழுதிய நாவல். படம் 48 நிமிடம்தான், ஏறக்குறைய 4,300 அடி. அந்த விலைப்படி செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி முடிச்சைச் சொல்லாமல் பேச முடியாது. படம் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ரைனாக்ஸ் கம்பெனி நெருக்கடியில் இருக்கிறது. முதலாளி பெனடிக்கை மார்ஷ் என்ற முரடன் மிரட்டுகிறான். அப்புறம் பெனடிக் சுடப்பட்டுக் கிடக்கிறார். உண்மையில் மார்ஷ் என்று ஒருவன் இல்லவே இல்லை. இன்ஷூரன்ஸ் பணம் வந்து கம்பெனி பிழைக்கட்டும் என்று பெனடிக்கே அந்த வேஷத்தில் திரிந்து, தன் தற்கொலையைக் கொலைபோலக் காட்டிவிட்டார். நாவலில் இதை மறைப்பது எளிது. மார்ஷ் வந்தான், கத்தினான் என்று எழுதினால் போதும், வாசகன் தனக்குத் தோன்றிய முகத்தைப் போட்டுக்கொள்வான். சினிமாவில் முகத்தைக் காட்டியாக வேண்டும். ஸ்டூவர்ட் ரோம் என்ற நடிகர்தான் இரண்டு வேடமும். மௌனப்பட காலத்திலிருந்தே ஜனங்களுக்குப் பழகிய முகம் வேறு. பத்து மடங்கு பணம் கொடுத்திருந்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது. நடிகரின் குரலும் உடம்பும், கேமராவை எங்கே வைப்பது என்ற டைரக்டரின் கணக்கும்தான் தீர்க்க வேண்டும்.

துப்பறியும் நாவலைப் படமாக்குவதில் உண்மையான கஷ்டம் இதுதான். எதை மறைப்பது, எவ்வளவு நேரம் மறைப்பது. மாளிகை செட்டும் கார் துரத்தலும் இதற்கு உதவாது. மெக்டொனால்டின் நாவல் 'முடிவுரை'யில் ஆரம்பித்து 'முன்னுரை'யில் முடிகிறது. முதல் பக்கங்களிலேயே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மூட்டையில் பண நோட்டு வந்து இறங்குகிறது. இப்படிப்பட்ட புத்தகத்தை 48 நிமிடத்தில் தொட்டுப் பார்க்கவே துணிச்சல் வேண்டும்.

பவல் 1931 முதல் 1936 வரை இப்படி இருபதுக்கு மேல் படம் எடுத்தார். பின்னாளில் 'தி ரெட் ஷூஸ்' எடுத்தவரும் அவரே. வேலை பழகிய இடம் நீங்கள் குப்பை என்று ஒதுக்கும் அந்தக் கோட்டா படங்கள்தான். மெக்டொனால்டின் இன்னொரு நாவலையும், 'தி ராஸ்ப்' என்பதை, அவர் படமாக்கினார். அதன் பிரதி இன்று இல்லை. 'ரைனாக்ஸ்' கூடப் பல வருடம் தொலைந்துபோனதாகவே எண்ணப்பட்டு, பிறகு கிடைத்தது. கிடைத்ததைப் பாருங்கள். மார்ஷ் வரும் காட்சிகளில் ரோமின் முகத்தை உங்களால் எப்போது கண்டுபிடிக்க முடிந்தது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.