மகளுக்குக் 'குறிஞ்சி' என்று பெயரிடலாமா?

பூம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இரண்டு மாதக் குழந்தையான எங்கள் மகளுக்குக் குறிஞ்சி என்று பெயர் வைக்க ஆசை. பூத்ததும் பட்டுப்போகும் செடியின் பெயர் பெண்ணுக்கு ஆகாது என்கிறார் மாமியார். அகத்திணையில் குறிஞ்சிக்குரிய பொருளைச் சொல்லி, தமிழாசிரியரான சித்தப்பாவும் தயங்குகிறார். வைக்கலாமா? சான்றிதழில் எப்படி எழுதுவது?"

தாராளமாக வைக்கலாம்.

செடியைப் பற்றி மாமியார் சொல்வது உண்மையே. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிச் சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சி, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை முதிர்ந்தபின் மடிந்துவிடுகிறது. 2006-இலும் 2018-இலும் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும். ஆனால் குலைதள்ளியதும் மடிகிற வாழையைத்தான் நாம் கல்யாண வாசலில் கட்டுகிறோம் என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்ற பழைய அச்சத்துக்காவது, மூங்கிலரிசியைத் தின்று பெருகும் எலிகள் பிறகு தானியத்தில் வாய்வைக்கும் என்ற காரணம் உண்டு. குறிஞ்சிப் பூவின் மீது அப்படி எந்தப் பழியும் இல்லை.

சித்தப்பாவின் தயக்கம் படித்தவரின் தயக்கம். குறிஞ்சித் திணையின் உரிப்பொருள், அதாவது அத்திணைக் காதல் பாடல்களுக்கு அடிப்படையான ஒழுக்கம், புணர்தல் என்பது சரிதான். ஆயினும் அது திணைக்கு உரியதே தவிரப் பூவுக்கு உரியதன்று. முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்பதற்காக, மகளுக்கு முல்லை என்று பெயரிட்ட எவரும் அவள் கணவனை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டுமென்று எண்ணியதில்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாடலில், தன் நட்பு நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது, கடலினும் ஆழமானது என்று சொல்லும் தலைவி, தன் தலைவனை அடையாளம் காட்டுவதே கருங்கொம்புக் குறிஞ்சிப் பூக்களிலிருந்து பெருந்தேன் சேரும் மலைச்சாரலின் தலைவன் என்றுதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்களிலும் குறிஞ்சி உண்டு. பின்னாளில் இதே பெயர் பெற்ற இராகம், தாலாட்டுக்கு ஏற்றதென்று கொள்ளப்படுகிறது. தொட்டிலில் இருப்பவளுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் சேயோனாகிய முருகன். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-இல் எழுப்பிய லீலாவதி இராமநாதன் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கும் உங்கள் ஊரில் இந்தப் பெயர் அந்நியமாக ஒலிக்க வழியில்லை.

பிறப்பைப் பதிவுசெய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆகவே வீட்டில் பேசி முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது. ஞகர ஒற்றை அடுத்து வரும் சகரம் மெலிந்து ஒலிப்பதால், ஆங்கிலத்தில் 'சி, எச்' என்னும் இரண்டு எழுத்துகளை விட்டு 'ஜே' இட்டு எழுதுவதே நல்லது. இல்லையெனில் வெளிமாநிலத்தவர் வாயில் பெயர் வேறாகிவிடும். தமிழில் இடையின ரகரம் போட்டுத் தட்டச்சு செய்துவிடும் இடங்களும் உண்டு என்பதால், கையெழுத்திடுமுன் வல்லின றகரம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.