பாதாளச் சாக்கடையில் எதை விடலாம்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மொட்டை மாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் இணைப்பிலேயே சேர்த்துவிட்டோம். நல்ல தண்ணீர்தானே, அதற்கு ஏன் நோட்டீஸ் அனுப்புகிறார்கள்?

பதில்: தண்ணீர் நல்லதுதான், அதன் அளவுதான் பிரச்சினை. 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். நான்கு பேர் உள்ள வீட்டிலிருந்து நாளொன்றுக்கு வெளியேறும் கழிவுநீர் ஏறக்குறைய 500 லிட்டர். பத்து நாள் கழிவு ஒரே மணி நேரத்தில் வந்து விழுந்தால் எந்தக் குழாயும் தாங்காது. தெருவில் இருபது வீடுகள் இப்படிச் செய்திருந்தால், பள்ளத்தில் இருக்கும் வீட்டின் கழிப்பறை வழியாகத்தான் அது திரும்பி வரும். சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கேடு. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் தொட்டியில் தங்க நேரமில்லாமல் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படும்.

அடித்தளத்தில் ஊறும் நீரை பம்ப் வைத்து இறைத்துவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும். பல பழைய நகரங்களின் மையப் பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும்படியே கட்டியிருப்பார்கள், அங்கே விதி வேறு. உங்கள் தெருவில் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே குழாயில் கை வையுங்கள்.

கேள்வி: 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று அட்டையிலேயே அச்சிட்டு விற்கும் ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறையில் போடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் கழிப்பறைக் காகிதத்தையும் மற்றதில் துடைப்பானையும் போட்டு, ஒரு நிமிடம் குலுக்கிப் பாருங்கள். காகிதம் கூழாகிவிடும். துடைப்பான் போட்டபடியே இருக்கும். பலவற்றில் பாலியெஸ்டர் இழை கலந்திருக்கிறது. அவை குழாய்க்குள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு பம்பின் சுழல்தகட்டில் சுற்றிவிடும். பிறகு பம்பை நிறுத்தி, கழற்றி, கையால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாப்கின், டயப்பர், பஞ்சு, பல்லிடுக்கு நூல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: கேன்டீனில் கிரீஸ் டிராப் (கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் தொட்டி) வைத்திருக்கிறோம், ஆனாலும் குழாய் அடைக்கிறது. கொதிநீரும் சோப்பும் ஊற்றினால் சரியாகுமா? எண்ணெயைக் கரைக்கும் என்சைம் திரவம் வாங்கலாமா?

பதில்: கொதிநீரும் சோப்பும் அடைப்பை உங்கள் வாசலிலிருந்து அடுத்த தெருவுக்கு நகர்த்தும், அவ்வளவுதான். சூட்டில் உருகிய கொழுப்பு குளிர்ந்த குழாயில் மறுபடி உறையும். அங்கே கொழுப்பு அமிலமும் தண்ணீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியமும் சேர்ந்து ஒருவகைச் சோப்பாக இறுகிவிடும். அதைத் தண்ணீரின் அழுத்தம் மட்டும் எளிதில் அசைக்காது. 2017-ல் லண்டன் வைட்சேப்பலில் எடுத்த கொழுப்புப் பாறையின் நீளம் 250 மீட்டர், எடை 130 டன். கொழுப்போடு ஈரத் துடைப்பான்களும் அதில் பின்னிக் கிடந்தன. என்சைமும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்யும். டிராப்பில் தங்க வேண்டிய கொழுப்பைத் தற்காலிகமாக உடைத்து வெளியே அனுப்பிவிடும். அதனால்தான் பல ஊர்களின் விதிகள் அதை டிராப்பில் ஊற்றக்கூடாது என்கின்றன.

இனி டிராப்பைப் பார்ப்போம். அது வேலை செய்யும் விதம் எளிமையானது: தண்ணீரின் வேகம் குறைந்தால் கொழுப்பு மிதக்கும், கசடு அடியில் படியும், நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். அதற்கு நேரமும் குளிர்ச்சியும் வேண்டும். வெளியே புதைக்கும் தொட்டிக்குப் பலரும் கொள்ளும் கணக்கு, உச்ச நேரத்து நீரோட்டம் அங்கே 30 நிமிடம் தங்க வேண்டும் என்பது. நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தால் 900 லிட்டர் கொள்ளளவு தேவை. தொட்டிக்கு (பாத்திரம் கழுவுமிடத்தின் அடியில் வைக்கும் சிறிய பெட்டி வேறு ரகம்) அளவு போதுமா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, மூடியைத் திறந்து ஒரு குச்சியை இறக்குங்கள். மேலே மிதக்கும் கொழுப்பின் தடிமனையும் அடியில் படிந்த கசடின் உயரத்தையும் கூட்டினால், அது மொத்த நீர் ஆழத்தில் கால் பங்கை எட்டியிருக்கக்கூடாது. எட்டிவிட்டால் அன்றே வழித்தெடுக்க வேண்டும். ஆழம் 100 சென்டிமீட்டர் என்றால் 25-தான் எல்லை. மாதம் ஒருமுறை என்று நாள்காட்டியைப் பார்த்துச் சுத்தம் செய்யும் இடங்களில்தான் டிராப் இருந்தும் குழாய் அடைக்கிறது. குச்சி சொல்வதைக் கேளுங்கள்.

தொட்டிக்குள், நீர் வெளியேறும் பக்கத்துக் குழாயில் 'டி' (T) எழுத்து வடிவத் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தொட்டியின் அடிப்பகுதி அருகிலிருந்து நீரை எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது அதைக் கழற்றிவிட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கொழுப்பு நேராக வெளியே போகும். 60 டிகிரிக்கு மேல் சூடான நீரைத் துப்பும் பாத்திரம் கழுவும் எந்திரத்தைச் சிறிய டிராப்பில் இணைத்திருந்தாலும் இதேதான் நடக்கும், சேர்ந்த கொழுப்பெல்லாம் உருகி ஓடிவிடும். கழிப்பறை இணைப்பு மட்டும் எக்காரணம் கொண்டும் அதில் சேரக்கூடாது. வழித்தெடுத்ததைப் பக்கத்து மேன்ஹோலில் கொட்டினால் டிராப் வைத்ததற்கே பொருளில்லை, அனுமதி பெற்ற வண்டியில் ஏற்றி அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிய முலாம் பூசும் பட்டறை. கழிவில் ஆறு இணைதிற குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) லிட்டருக்கு 60 மி.கி. என்று ரிப்போர்ட் வந்தது. தண்ணீர் கலந்து விட்டால் போதாதா?

பதில்: போதாது, சட்டப்படியும் முடியாது. இந்தியாவின் பொது வரம்பில் பொதுச் சாக்கடைக்கு லிட்டருக்கு 2 மி.கி. தான். 1,000 லிட்டர் கழிவில் லிட்டருக்கு 60 மி.கி. இருந்தால், அதை 2-க்கு இறக்க 29,000 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். அத்தனையும் செலவழித்த பிறகும் சாக்கடைக்குப் போவது அதே 60 கிராம் குரோமியம். சுத்திகரிப்புக்குப் பதிலாக நீர்த்துப்போகச் செய்வதை அமெரிக்க விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

செய்ய வேண்டியது இரண்டு கட்ட வேலை. முதல் தொட்டியில் கந்தக அமிலம் விட்டு பிஹெச்-ஐ (அமில - காரத் தன்மையின் அளவு) 2 முதல் 2.5 வரை இறக்கி, கலக்கியபடியே சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்க்க வேண்டும். 1 கிலோ குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.75 கிலோ, நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். மஞ்சள் நிறம் முழுவதும் போய்ப் பச்சையாகும் வரை பொறுங்கள், கால் மணி நேரமாவது ஆகும். இந்த இடத்தில் சல்பர் டைஆக்சைடு வாயு எழும் என்பதால் காற்றோட்டம் கட்டாயம். பச்சையான பிறகே இரண்டாவது தொட்டியில் சுண்ணாம்புப் பாலோ காஸ்டிக் சோடாவோ விட்டு பிஹெச்-ஐ 8 - 8.5-க்கு ஏற்றுங்கள். குரோமியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு படியும். அளவு மீறி ஏற்றிவிட்டால் படிந்தது மீண்டும் கரையத் தொடங்கும். நிக்கலும் சேர்ந்திருந்தால் தலைவலி கூடும், அது நன்றாகப் படிவதற்கு பிஹெச் 10 பக்கம் வேண்டும். இரண்டு கழிவையும் ஆரம்பத்திலிருந்தே தனித்தனி வாளியில் பிடிப்பதுதான் மலிவான வழி.

பலர் தவறுவது முதல் கட்டத்தில்தான். அமிலக் கழிவு என்று எண்ணி நேரே சுண்ணாம்பைக் கொட்டுவார்கள். பிஹெச் 7 காட்டும், ஆறு இணைதிற குரோமியம் கரைந்தபடியே இருக்கும். சயனைடு தொட்டிக் கழிவு உங்களிடம் இருந்தால் அதை இந்த அமிலத் தொட்டியின் அருகில்கூடக் கொண்டு வராதீர்கள், ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பி ஆளைக் கொல்லும். படிந்த கசடு அபாயகரக் கழிவு, அதற்கென உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

உலோகத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி? சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களால் உலோகத்தைத் தின்ன முடியாது. அளவு மீறினால் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள்தான் முதலில் சாகும். தப்பிய உலோகத்தில் பெரும்பகுதி கசடில் சேரும், அந்தக் கசடை வயலுக்கு உரமாக்க முடியாமல் போகும்.

கேள்வி: அமிலம் ஊற்றினால் கான்கிரீட் குழாயின் அடிப்பகுதிதானே அரிக்க வேண்டும்? எங்கள் தெருவில் மேல்பகுதி இடிந்து விழுந்திருக்கிறதே!

பதில்: அது நேரடியாக ஊற்றிய அமிலத்தின் வேலை இல்லை, ஹைட்ரஜன் சல்பைடின் வேலை. தேங்கிய கழிவிலிருந்து அது வாயுவாக மேலெழுந்து, குழாயின் ஈரமான கூரையில் படியும். அங்குள்ள பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். நீர் ஓடும் அடிப்பகுதி கழுவப்பட்டுக்கொண்டே இருப்பதால் தப்பிக்கிறது.

நீங்கள் ஊற்றும் அமிலம் இதை வேகப்படுத்தும். கரைந்த சல்பைடில் பிஹெச் 7-ல் ஏறக்குறைய பாதி வாயுவாகக் கிளம்பக்கூடிய நிலையில் இருக்கும். பிஹெச் 6 ஆனால் தொண்ணூறு சதவீதம், பிஹெச் 9-ல் ஒரு சதவீதம்தான். இந்தியாவில் 5.5 முதல் 9 வரை என்றும், அமெரிக்காவில் பொதுவாக 5-க்குக் கீழே கூடாது என்றும் வரம்பு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மெக்கானிக் ஷெட்டில் தூரிகை கழுவிய பெட்ரோல், தின்னர். அளவு கொஞ்சம்தான்...

பதில்: ஒரு சொட்டுக்கூட வேண்டாம். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் குழாயை விட்டு மேலே போகாமல் தெருத்தெருவாக ஊர்ந்து பரவும். மெக்சிகோவின் குவாடலஹாராவில் 1992 ஏப்ரல் 22 அன்று பெட்ரோல் குழாய்க் கசிவு சாக்கடையில் இறங்கி வெடித்ததில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பல கிலோமீட்டர் தெருக்கள் பிளந்தன. பிரிட்டனின் 1991-ம் ஆண்டு தண்ணீர்த் தொழில் சட்டம் பெட்ரோலையும் கால்சியம் கார்பைடையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. கார்பைடில் நீர் பட்டால் அசிட்டிலீன் வரும். வெல்டிங் பட்டறைக்காரர்கள் கவனிக்க. 110 பாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ் தாண்டிய சூட்டு நீருக்கும் அதே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. கழுவிய திரவத்தை மூடியுள்ள டின்னில் சேர்த்து வையுங்கள். தெளிந்த மேல் பகுதியை அடுத்த கழுவலுக்கு எடுக்கலாம்.

கேள்வி: நாங்கள் எடுத்த கழிவுநீர் மாதிரியில் எண்ணெய் லிட்டருக்கு 14 மி.கி., அதிகாரிகள் எடுத்ததில் 46. யாரை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். எடுத்த இடத்தையும் பாட்டிலையும் முதலில் விசாரியுங்கள்.

சுத்திகரிப்புக்குப் பிறகு, கழிப்பறைக் கழிவு வந்து சேருவதற்கு முன்னால் உள்ள குழியில் எடுத்திருக்க வேண்டும். தேங்கிய இடத்தில் மேலாக மொண்டால் மிதக்கும் எண்ணெய் கூடுதலாக விழும், நன்கு கலந்து ஓடும் இடத்தில்தான் எடுக்க வேண்டும். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில்தான். பிளாஸ்டிக் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். மாதிரியாலேயே பாட்டிலை அலசக்கூடாது, வழிய வழிய நிரப்பக்கூடாது. எடுத்ததும் அமிலம் விட்டு பிஹெச் 2-க்குக் கீழே இறக்கிக் குளிரில் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் அந்தப் பாட்டில் முழுவதையும் எடுத்துக்கொண்டு, காலிப் பாட்டிலையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும். பாதியை வேறு சோதனைக்கு ஊற்றியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எண்ணெய், பிஹெச், சயனைடு மூன்றுக்கும் ஒரே தடவையில் மொண்ட மாதிரிதான் செல்லும். 24 மணி நேரம் சிறிது சிறிதாகச் சேர்த்தது பி.ஓ.டி.க்கும் (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜனின் அளவு) மிதக்கும் திடப்பொருளுக்கும் உலோகத்துக்கும் பொருந்தும். சயனைடு பாட்டிலில் காஸ்டிக் சோடா, உலோகப் பாட்டிலில் நைட்ரிக் அமிலம். மாற்றி ஊற்றினால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள். பிஹெச்-ஐ அந்த இடத்திலேயே, கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இன்னொன்று. இந்தியப் பொது வரம்பில் சாக்கடைக்கு பி.ஓ.டி. 350, திடப்பொருள் 600, எண்ணெய் 20 மி.கி. என்று இருப்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சாக்கடை உயிரியல் சுத்திகரிப்பு உள்ள நிலையத்தில் போய் முடிந்தால்தான் இந்தச் சலுகை. இல்லாவிட்டால் ஆற்றில் விடுவதற்கான வரம்பு, அதாவது 30, 100, 10 பொருந்தும். உங்கள் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வளாகத்துக்குள் அடைத்த மேன்ஹோலில் அனுபவமுள்ள ஆள் ஒருவரை இறக்கலாமா? மூடியைத் திறந்தால் நாற்றமே இல்லை.

பதில்: நாற்றம் இல்லாதது நல்ல அறிகுறி அல்ல. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாடை வீசும், 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்து வாடை தெரியாமலே போகும். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சாய்வார், காப்பாற்ற இறங்குகிறவரும் சாய்வார். மூடியைத் திறந்து வைத்திருந்தால் மட்டும் வாயு போய்விடாது, அடிக் கசடைக் கிளறும் கணத்தில்தான் அது மொத்தமாக வெளிவரும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிட மோசம்.

இந்தியாவில் 2013-ம் ஆண்டு சட்டப்படி பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இறக்கியவர் தனியார் ஒப்பந்ததாரர் என்பதால் வேலை கொடுத்த உங்கள் சங்கம் தப்பாது. ஜெட்டிங் வண்டியை (அழுத்தமான நீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் வண்டி) வரவழைத்து, அடைப்புக்குக் கீழ்ப்புறம் உள்ள குழியிலிருந்து ஓட்டத்துக்கு எதிராக முனையைச் செலுத்தச் சொல்லுங்கள், உடைந்த அடைப்பு அந்தக் குழிக்கே வரும், அங்கே உறிஞ்சி எடுத்துவிடலாம்.

கேள்வி: காலாவதியான மாத்திரைகள்? நீச்சல் குளத்துத் தண்ணீர்?

பதில்: மாத்திரை வேண்டாம். பல மருந்துகளைச் சுத்திகரிப்பு நிலையம் பிரிக்காது, திரும்பப் பெறும் மருந்தகம் இருந்தால் கொடுங்கள். குளத்து நீரை அனுமதி கேட்டு, குளோரினைச் சில நாள் ஆறவிட்டோ சோடியம் தயோசல்பேட் சேர்த்தோ போக்கிய பிறகு, இரவில் மெதுவாகத் திறந்துவிடலாம். அதை மழைநீர் வடிகாலில் விட்டால் சுத்திகரிப்பே இல்லாமல் நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும்.