பழைய கிரிக்கெட் பையும் துடுப்புப் பலகையும்: குறைந்த கட்டணக் கூரியரில் அனுப்பலாமா?

உச்சிப்புளிக்கு அருகிலுள்ள கடற்கரைக் கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்டதால், வீட்டில் ஒரு கிரிக்கெட் பை, இரண்டு கால்பந்துகள், சுற்றுலாப் பயணிகளுக்குப் பயிற்சி அளிக்க வாங்கிய காற்றடைத்த துடுப்புப் பலகை (தண்ணீரில் நின்றபடி துடுப்புப் போட்டுச் செல்லும் 'பேடில் போர்டு') ஒன்று, காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகள் ஆகியவை பயனின்றிக் கிடக்கின்றன. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். "கட்டணம் குறைந்த கூரியரில் நம்பி அனுப்பலாமா, எப்படிக் கட்டுவது, உடைந்தால் யாரைக் கேட்பது?" என்பது அவர் கேள்வி. இராமநாதபுரத்தில் விளையாட்டுப் பொருள் கடை நடத்தி, வாரத்துக்கு நான்கைந்து பொதிகளாவது வெளியூர் அனுப்பி வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாராளமாக அனுப்பலாம். ஆனால் கூரியர் கடைக்குப் போவதற்கு முன் தராசைத் தேடாமல் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பொருட்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்பவை. கூரியர்காரர்களோ உண்மையான எடை, பெட்டியின் கொள்ளளவிலிருந்து கணக்கிடும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குவார்கள். இந்த இரண்டாவது கணக்கைத்தான் கவுன்டரில் 'வால்யூம் வெயிட்' என்று சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000 என்ற எண்ணால் வகுத்தால் அது கிலோவில் கிடைக்கும். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அது சிறியதாக இருந்தால் கட்டணம் ஏறும் என்பதால், கிலோவுக்கு எவ்வளவு என்று விசாரிக்கும்போதே எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கிரிக்கெட் பையையே எடுத்துக்கொள்வோம். மட்டை, கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் அடைத்த பை தராசில் ஒன்பது, பத்துக் கிலோதான் காட்டும். அதை அப்படியே சாக்கில் சுற்றிக் கொண்டுபோனால் அளவு ஏறத்தாழ 95, 35, 35 செ.மீ. வரும், பெருக்கி வகுத்தால் 23 கிலோவுக்கு மேல். பத்துக் கிலோப் பொருளுக்கு இருபத்து மூன்று கிலோவின் கட்டணம். அதே பொருட்களைப் பிரித்து, மட்டையை 92, 13, 9 செ.மீ. அளவுள்ள நீண்ட அட்டைப் பெட்டியிலும், கால்காப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, கையுறைகளைத் தலைக்கவசத்துக்குள் திணித்து, பையையும் தட்டையாக மடித்து 75, 32, 25 செ.மீ. பெட்டியிலும் வைத்தால், முதலாவது 2.15 கிலோ, இரண்டாவது 12 கிலோ, ஆக மொத்தம் பதினான்கு கிலோவை ஒட்டித்தான் வருகிறது. கால்பந்தும் இப்படியே. காற்றோடு பெட்டியில் வைத்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். காற்றை இறக்கி, ஒரு பாதியை மறுபாதிக்குள் அமுக்கிக் கிண்ணம்போல ஆக்கிவிட்டால் முக்கால் கிலோவுக்குள் அடங்கும். ஊசியை வால்வில் செருகும் முன் நுனியை நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உள்ளிருக்கும் ரப்பர் கிழியும். ஆயினும் பழைய கால்பந்தை மட்டும் தனியே அனுப்புவது கட்டுப்படியாகாது. கட்டணம் பந்தின் விலையை நெருங்கிவிடும். அந்த இரண்டையும் ஊர்ப் பையன்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கட்டும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குறைந்த கட்டணச் சேவையில் உங்கள் பொதி மாலை வண்டியில் மதுரை போன்ற பெரிய ஊருக்குச் சென்று, அங்கே இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மீண்டும் ஏற்றி, வழியில் இன்னும் ஓரிரண்டு இடங்களில் கைமாறியே போய்ச் சேரும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது இடுப்புயரத்திலிருந்து தரையில் போடப்படும், அதன்மேல் முப்பது கிலோ மூட்டை ஒன்று ஏற்றப்படும் என்று எண்ணிக் கட்டுங்கள். 'உடையும் பொருள்' என்ற ஒட்டுத்தாளை நம்பி எதையும் அனுப்பாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய ஓர் இங்கிலீஷ் வில்லோ மரத்தாலான மட்டை, வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அடிமுனையில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. மட்டையின் முகத்துக்கு மூன்று சுற்றுக் குமிழித்தாள் சுற்றிய நான், முனைக்கு எதுவும் வைக்கவில்லை. நீண்ட பெட்டி விழும்போது பெரும்பாலும் முனையில்தான் விழுகிறது, மட்டையில் மெலிந்த இடமும் அந்த அடிமுனைதான். அன்று முதல், தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தை மட்டையின் அகலத்துக்கு வெட்டி, முனையில் வைத்து டேப்பால் கட்டிய பிறகே குமிழித்தாளைச் சுற்றுகிறேன். கைப்பிடியின் மேல்முனைக்கும் ஒரு துண்டு. குழாயில் போட்டு அனுப்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. விதிப்படி மட்டையின் அகலம் 10.8 செ.மீ. வரை இருக்கலாம் என்பதால் நாலு அங்குலப் பிவிசி குழாயில் அது நுழையாது, அடுத்த அளவுக் குழாயோ எடையைக் கூட்டிவிடும். இரட்டை அடுக்கு அட்டைப் பெட்டியே போதும்.

கடலில் பயன்படுத்திய பொருட்களுக்கு முதல் எதிரி உப்பு. துடுப்புப் பலகையையும் நீச்சல் துடுப்புகளையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, வெயில் படாத காற்றோட்டத்தில் இரண்டு நாள் உலர்த்துங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் ஐந்தாறு நாள் கிடந்தால் ஜிப்பும் திருகாணியும் பச்சை பிடித்து, துணிப்பகுதி பூஞ்சை நாற்றம் அடிக்கும். பலகையின் அடியில் நடுவில் இருக்கும் துடுப்பைக் கழற்றி, வால்வைத் திறந்து, வால்வுக்கு எதிர்முனையிலிருந்து அதை நோக்கிச் சுருட்டுங்கள். உங்கள் பம்பில் காற்றை உறிஞ்சும் துளையும் இருந்தால் கடைசிக் காற்றையும் அதனால் இழுத்துவிட்டு வால்வை மூடுங்கள். சுருளின் தடிமன் குறையக் குறையக் கட்டணமும் குறையும். கட்டுவதற்கு மீன்வலைக் கடையில் கிடைக்கும் நைலான் கயிற்றைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால் நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கிறதே என்று பழைய தெர்மாகோல் மீன் பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதன் வாடை கையுறைக்குள்ளும் கால்காப்புப் பஞ்சுக்குள்ளும் ஏறிவிடும், வாங்கியவர் பொருளையே திருப்பி அனுப்புவார். உயிர்காப்பு உடையில் காற்று நிரப்பும் சிறு வாயு உருளை இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரே டப்பாவையும் லித்தியம் மின்கலத்தையும் போல அதையும் விமானச் சரக்கில் அபாயப் பொருளாகவே கருதுவார்கள்.

எதை எதில் அனுப்புவது? மட்டைப் பெட்டியையும் நீச்சல் துடுப்புகளையும் அஞ்சலகத்தில் கொடுங்கள் என்பேன். தனியார் கூரியர்களில் பலர் நம் கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து எடுப்பதில்லை, தொலைவான பின்கோடு என்று கூடுதலாகவும் கேட்கிறார்கள். அஞ்சலகம் பக்கத்திலேயே இருக்கிறது. கால்காப்புப் பெட்டிக்கு இராமநாதபுரத்தில் தரைவழிக் கூரியர்கள் இரண்டிலாவது விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சுருட்டிய பலகை 90, 40, 30 செ.மீ. இருந்தால்கூட கணக்கில் 21.6 கிலோ வந்துவிடும் என்பதால், அதற்குக் கூரியரைவிட லாரி பார்சல் சர்வீஸோ ரயில் பார்சலோ பொருத்தமானது. சென்னைக்கு என்றால் சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் இராமேஸ்வரத்திலேயே புறப்படுவதால், வழியில் சில நிமிடம் மட்டும் நிற்கும் நிலையத்தைவிட அங்கே பொதியை நிதானமாக ஏற்ற முடிகிறது. ரயிலில் வந்த பொதியை வாங்குபவர் நிலையத்துக்கே சென்று எடுக்க வேண்டும், தாமதித்தால் தண்டக் கட்டணம் விழும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அவசரம் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். பாம்பனில் காற்று கூடினால் ரயிலை நிறுத்திவைப்பார்கள், மழையில் நனைந்த அட்டைப்பெட்டிக்கும் பலம் இருக்காது. அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் பொருளை முதலில் தடித்த பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அதன் பிறகு பெட்டியில் வையுங்கள்.

இனி, உடைந்தால் யாரைக் கேட்பது என்பது. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், வீடு வரை கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அரசுக்கு, அதாவது அஞ்சலுக்கு, அது பொருந்தாது. பொருளின் கூடுதல் மதிப்பை எழுத்தில் அறிவித்து, அதற்கான தனிக் கட்டணத்தையும் செலுத்தாவிட்டால், 2011ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் பொறுப்பு நீங்கள் செலுத்திய கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். கூரியரில் 150 ரூபாய்க் கட்டணத்தில் போன 6,000 ரூபாய் மட்டை தொலைந்தால், இந்தக் கணக்கில் 1,500 ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே மட்டைக்கும் பலகைக்கும் மதிப்பை அறிவித்து அனுப்புங்கள். ரசீதில் 'பயன்படுத்திய விளையாட்டுப் பொருள்' என்று உள்ளதை உள்ளபடியும், விற்ற விலையையே மதிப்பாகவும் எழுதச் சொல்லுங்கள். வரியை மிச்சம் பிடிப்பதாக எண்ணி 500 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தவருக்குப் பிறகு அந்த 500 ரூபாய்தான் கிடைக்கும்.

பெட்டியை மூடும் முன் பொருளையும், அதன் பழைய கீறல்களையும், மூடிய பின் அளவுநாடாவை மூன்று பக்கமும் வைத்தும், தராசில் வைத்தும் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் மீண்டும் அளந்து எடை கூடிவிட்டது என்று அதிகப் பணம் கேட்டால் அதுதான் உங்கள் சான்று. வாங்குபவரையும் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சேதம் தெரிந்த அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வழக்குக்குப் போவதென்றால் பொதியைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பதிவு ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றே அதையும் படம் எடுத்துவிடுங்கள்.