அமிலாய்டோசிஸ் வந்தால் வயிறும் குடலும் என்ன ஆகும்?

'எண்டோஸ்கோப்பி நார்மல்' என்று எழுதிய ரிப்போர்ட்டை நம்பி எட்டு மாதம் கேஸ் மாத்திரை விழுங்கியவர் என் அப்பா. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வழியாகத் தெரிந்ததுதான். நான் டாக்டர் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெயரைக் கேட்டதும் சித்தப்பா "அமிலமா? அப்போ அசிடிட்டிதானே" என்றார். அமிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நோயில் உறுப்புகளில் சேரும் படிவு அயோடின் பட்டால் மாவுச்சத்து மாதிரி நிறம் மாறியதால், 'மாவுச்சத்து போன்றது' என்ற பொருளில் 1854-இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ வைத்த பெயர் இது. உண்மையில் அது புரதம். சரியாக மடியாமல் நார் நாராகத் திரண்டு உறுப்புகளில் படிந்துவிடுகிறது.

அப்பாவுக்குப் பசிக்கும், ஆசையாக உட்காருவார், நாலு வாய்க்கு மேல் இறங்காது. காலையில் சாப்பிட்டது சாயங்காலம் அப்படியே வாந்தியில் வரும். இரைப்பையின் தசையிலும் நரம்பிலும் படிவு ஏறினால் அது உணவைத் தள்ளாது. குடலிலும் அதே கதை. தேங்கிய இடத்தில் பாக்டீரியா பெருகும், சத்து உடம்பில் சேராது. ஒரு வாரம் பேதி, மறுவாரம் மலச்சிக்கல். ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தால் அது எளிதில் உடையும், மலம் கறுப்பாகப் போகும். கல்லீரல் வீங்குவதும் உண்டு. ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாகவே சமாளிக்கும் தானியங்கி நரம்புகளும் கெட்டிருந்ததால் அப்பா எழுந்து நின்றாலே தலைசுற்றி சுவரைப் பிடிப்பார். அதை நாங்கள் வயசு என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வயிற்றைத் தொடும் முன்பே நாக்கை நீட்டச் சொன்னார். தடித்த நாக்கு, இரண்டு ஓரத்திலும் பல் தடம், ஈரக் களிமண்ணில் விரல் அழுத்தினாற்போல. பழைய எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கு (பயாப்சி) மெழுகுக் கட்டியில் பதித்தபடி லேபிலேயே இருந்தது. அதை வரவழைத்து காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். போலரைஸ்டு ஒளியில் பச்சையாக மின்னியது, அமிலாய்டின் அடையாளம் அதுதான். எட்டு மாதமும் விடை அந்த மெழுகுக் கட்டிக்குள் கிடந்திருக்கிறது! கண்ணுக்கு நார்மலாகத் தெரிந்தாலும் பயாப்சி எடுக்க வேண்டும், இந்தச் சாயத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது எந்த வகை என்பது. அப்பாவுக்கு ஏஎல், அதாவது எலும்பு மஜ்ஜையில் உருவாகும் லைட் செயின் என்ற ஆன்டிபாடித் துண்டுப் புரதம் படிவது. அதற்கு போர்ட்டிசோமிப், டாராட்டுமுமாப் என்ற மருந்துகளைக் கொடுத்தார்கள். நாள்பட்ட அழற்சியால் வரும் ஏஏ வகைக்கும், பரம்பரையாகவோ வயதிலோ வரும் டிடிஆர் வகைக்கும் வைத்தியமே வேறு. புதுப் படிவு நின்றாலும் பழையது சீக்கிரம் கரையாது.

லைட் செயின் அளவு இறங்கி ஏழு மாதம் ஆகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்துச் சாப்பிடுகிறார். வாந்தி இல்லை, பேதி மட்டும் இன்னும் அவ்வப்போது வருகிறது.