மதிப்பாய்வாளர்கள் முரண்பட்டால் மதிப்பாய்வு தரமற்றதா?

கேள்வி: எங்கள் ஆய்விதழில் ஒவ்வொரு கட்டுரையையும் இரு மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புகிறோம். 75 விழுக்காடு கட்டுரைகளில்தான் இருவர் முடிவும் ஒத்துப்போகிறது. அடிக்கடி முரண்படுவோரை நீக்கிவிட்டால் தரம் உயருமா?

பதில்: அவசரப்பட்டு யாரையும் நீக்கிவிடாதீர்கள். அந்த 75 விழுக்காட்டையே முதலில் பார்ப்போம். மதிப்பாய்வாளர் ஒவ்வொருவரும் பத்தில் எட்டுக் கட்டுரைகளை நிராகரிப்பவர் என்று வைத்துக்கொண்டால், இருவரும் படிக்காமலே அதே விகிதத்தில் முடிவு சொன்னாலும் 64 விழுக்காட்டில் சேர்ந்து நிராகரிப்பார்கள், 4 விழுக்காட்டில் சேர்ந்து ஏற்பார்கள். ஆக 68 விழுக்காடு ஒற்றுமை தற்செயலாகவே கிடைத்துவிடும். இந்தத் தற்செயலைக் கழித்துக் கணக்கிடுவதுதான் கோஹனின் கப்பா என்னும் புள்ளியியல் அளவு. 75-இல் 68 போக மிஞ்சும் 7-ஐ, 100-இல் 68 போக மிஞ்சும் 32-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.22 வரும். முழு ஒற்றுமைக்கு 1 என்பதால் இது குறைவுதான். ஆனால் உங்கள் இதழுக்கு மட்டும் உரிய குறையன்று. 2014-இல் நிப்ஸ் என்னும் இயந்திரக் கற்றல் மாநாட்டில் 166 கட்டுரைகளை இரு குழுக்கள் தனித்தனியே மதிப்பிட்டபோது, ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றது நிராகரித்தது.

இருப்பினும், கப்பா காட்டுவது முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே, அவை சரியா என்பதையன்று. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஆசிரியர்கள் 1998-இல் வெளியிட்ட சோதனையொன்றில், ஒரு கட்டுரைக்குள் 8 குறைகளை வேண்டுமென்றே நுழைத்து அனுப்பினார்கள். மதிப்பாய்வாளர்கள் கண்டுபிடித்தது சராசரியாக இரண்டைத்தான். ஒரே பிழையை இருவரும் கவனிக்காமல் விட்டால் ஒற்றுமை முழுமையாக இருக்கும், மதிப்பாய்வோ பயனற்றுப் போகும். மாறாக, புள்ளியியல் அறிந்த ஒருவரையும் துறை வல்லுநர் ஒருவரையும் நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு, அவர்கள் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்று வருந்துவது முறையாகாது. என் கருத்தில், அத்தகைய முரண்பாடுதான் இதழாசிரியருக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள தகவல்.

ஆகவே தரத்தை மதிப்பாய்வாளர் எழுதும் அறிக்கையிலிருந்தே அளவிடுங்கள். ஆய்வு வினாவின் முக்கியத்துவம் பேசப்பட்டதா, ஆய்வுமுறையின் நிறைகுறைகள் குறிப்பாகச் சுட்டப்பட்டனவா, கருத்துகளுக்குக் கட்டுரையிலிருந்தே சான்று காட்டப்பட்டதா, திருத்தங்கள் செய்யத்தக்கவையா என்ற கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடலாம். "முறையியல் பலவீனமானது" என்று மட்டும் எழுதிய அறிக்கைக்கு 1. கட்டுப்பாட்டுக் குழு எந்த அட்டவணையில் விடுபட்டது, அதனால் எந்த முடிவு நிற்காது என்று காட்டிய அறிக்கைக்கு 5. மதிப்பாய்வாளர் பெயரை மறைத்து, ஆசிரியர் குழுவில் இருவர் தனித்தனியே மதிப்பெண் இடட்டும். அவர்களுக்குள் ஒற்றுமை மிகக் குறைவாக இருந்தால், மதிப்பாய்வாளர்களைக் குறை சொல்வதற்கு முன் அளவுகோலின் சொற்களைத் திருத்த வேண்டியிருக்கும்.