கோன் பில்டர் மாட்டியபின் பாதி த்ராட்டிலில் திக்குகிறதா?

வணக்கம். பைக்கின் பழைய ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ கோன் பில்டர் மாட்டியதிலிருந்து பாதி த்ராட்டிலில் வண்டி திக்குகிறது, த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது என்கிறீர்கள். கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி என்பதால் சொல்கிறேன்: காற்று கூடிவிட்டது, பெட்ரோல் அதற்கு ஈடாகப் போகவில்லை. பில்டர் மேல் தப்பில்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டில் கை வைக்கும் முன் காற்றுக் கசிவைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பரைச் சுற்றிக் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. சூடான சைலன்சர் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கசிவு இல்லையா? சரி, கார்புரேட்டருக்குள் த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசிக்கு வாருங்கள். பாதி த்ராட்டிலை ஆள்வது மெயின் ஜெட்டைவிட அதுதான். ஊசியின் தலைப்பக்கம் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறி பெட்ரோல் கூடும். கிளிப் தெறித்து ஓடும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். முழு த்ராட்டிலிலும் இழுவை இல்லையென்றால்தான் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்ட வேண்டும். த்ராட்டிலை விடும்போது வரும் அந்த வெடிச்சத்தத்துக்கு, ஐடில் கலவையைச் சரிசெய்யும் திருகான பைலட் ஸ்க்ரூவைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் பெட்ரோல் போதவில்லை, வெளிர் பழுப்பு வந்துவிட்டால் விட்டுவிடலாம். பழைய பெட்டியில் செருகியிருந்த எஞ்சின் பிரீதர் குழாயை (எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் குழாய்) என்ன செய்தீர்கள்? அடைத்து மட்டும் வைக்காதீர்கள், ஆயில் சீல் போய்விடும்.