அப்சர்வபிள் ஒன்று, ரிக்வெஸ்ட் இரண்டு: ஏன்?

கேள்வி: ஆங்குலரில் (வெப் ஆப் எழுதும் கட்டமைப்பு) விலைப்பட்டியலை எச்டிடிபி கிளையன்ட்டின் 'கெட்' மூலம் எடுக்கிறேன். டெம்ப்ளேட்டில் இரண்டு இடத்தில், வரும் பதிலைத் திரையில் காட்டும் ஏசிங்க் பைப் போட்டிருக்கிறேன். நெட்வொர்க் டேபில் ஒரே ரிக்வெஸ்ட் இரண்டு முறை தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: 'கெட்' என்று எழுதியதும் ரிக்வெஸ்ட் கிளம்பிவிடாது. எப்படி அனுப்ப வேண்டும் என்ற செய்முறைதான் அப்சர்வபிளாகக் கைக்கு வருகிறது. யாராவது சப்ஸ்கிரைப் செய்தால்தான், அதாவது பதில் வேண்டும் என்று கேட்டால்தான், அது ஓடும். ஒவ்வொரு சப்ஸ்கிரைப்புக்கும் முதலிலிருந்து ஓடும். இதைத்தான் கோல்டு அப்சர்வபிள் என்கிறோம். ஜாவாஸ்கிரிப்டின் பிராமிஸில் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: பிராமிஸ் உருவாகும்போதே வேலை தொடங்கிவிடும், எத்தனை 'தென்' போட்டாலும் வேலை ஒருமுறைதான். ஏசிங்க் பைப் ஒவ்வொன்றும் ஒரு சப்ஸ்கிரைப். அதனால்தான் இரண்டு ரிக்வெஸ்ட். "போஸ்ட் செய்தேன், சேவ் ஆகவில்லை" என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அங்கே சப்ஸ்கிரைப்பே இருக்காது.

'கெட்'டுக்குப் பின் எழுதும் 'பைப்' மெத்தடின் கடைசியில் (இது டெம்ப்ளேட்டின் ஏசிங்க் பைப் அல்ல) ஷேர்ரீப்ளே(1) சேருங்கள்; கடைசிப் பதிலை வைத்திருந்து எல்லோருக்கும் பகிரும் ஆபரேட்டர் அது. முதல் சப்ஸ்கிரைப் ரிக்வெஸ்டை அனுப்பும். பிறகு வருபவர்களுக்கு வைத்திருக்கும் பதிலே கிடைக்கும்.

சேர்த்தும் இரண்டு ரிக்வெஸ்ட் போகிறதா? அதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சர்வீஸில் 'விலைகளை எடு' என்ற மெத்தடுக்குள் எழுதியிருந்தால், ஒவ்வொரு அழைப்பும் புது அப்சர்வபிளைத் தரும். ஒன்றின் பதில் மற்றதற்குத் தெரியாது. கிளாஸின் ஃபீல்டில் ஒருமுறை உருவாக்கி, எல்லோருக்கும் அதையே கொடுங்கள்.

பிழையைப் பிடித்து மாற்றுப் பதில் தரும் கேட்ச்எரர் போடும் இடமும் முக்கியம். ஷேர்ரீப்ளேக்கு முன்னால் அதை வைத்து, பிழை வந்தால் வெற்றுப் பட்டியலைத் திருப்பினால், அந்த வெற்றுப் பட்டியலே நல்ல பதிலாகச் சேமிக்கப்படும். இணைப்பு திரும்பிய பிறகும் திரை காலியாகவே இருக்கும். பின்னால் வையுங்கள். ஷேர்ரீப்ளே பிழையைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அடுத்த சப்ஸ்கிரைப் புதிதாக முயலும்.

எச்டிடிபி அப்சர்வபிள் பதில் வந்ததும் முடிந்துவிடும். இன்டர்வல் (குறித்த இடைவெளியில் மதிப்பு அனுப்புவது), வெப்சாக்கெட் (சர்வருடன் திறந்தே இருக்கும் இணைப்பு) போன்றவை தாமாக முடிவதில்லை. அவற்றுக்கு வெறும் ஷேர்ரீப்ளே(1) போட்டால், திரையை மூடி எல்லோரும் அன்சப்ஸ்கிரைப் செய்த பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே பஃபர்சைஸ் 1, ரெஃப்கவுன்ட் ட்ரூ என்று ஆப்ஜெக்டாகக் கொடுங்கள்; கடைசி ஆள் விலகியதும் மூலமும் நிற்கும்.

சர்வரில் விலை மாறினாலும் ஷேர்ரீப்ளே பழையதையேதான் தரும். புதுப்பிக்கும் பட்டன் வேண்டுமானால் ஒரு பிஹேவியர்சப்ஜெக்டில் (நாமே மதிப்பை அனுப்பக்கூடிய அப்சர்வபிள்) தொடங்கி, ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ளே உள்ளதைப் புதிதாக ஓட்டும் ஸ்விட்ச்மேப்புக்குள் 'கெட்'டை வைத்து, அதன் பின் ஷேர்ரீப்ளே போடுங்கள். பட்டனை அழுத்தும்போது சப்ஜெக்டில் 'நெக்ஸ்ட்' அழைத்தால் போதும். இந்த அமைப்பில் மட்டும் கேட்ச்எரர் ஸ்விட்ச்மேப்புக்குள், 'கெட்'டோடு ஒட்டி இருக்க வேண்டும். வெளியே வைத்தால் முதல் பிழையிலேயே ஓட்டம் முடிந்து, பட்டன் செயலிழந்துவிடும்.